நல்ல நேரத்தில் கிளம்பிய இரண்டு சீட் வண்டி

நம் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்டார்கள். என்ன எழுதட்டும் என்றேன். "ஸ்போர்ட்ஸ் காருக்கு கிரவுன் மாத்தி பிக்கப் ஏத்தினீங்களே, அத எழுதுங்கண்ணே" என்றான் ஒருவன். சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தக் கதையில் பாதி அவனுக்குத் தெரியும், மீதியையும் தெரிந்துகொள்ள ஆசை. சரி, தெரிந்துகொள்ளட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரவுனையும் பினியனையும் எப்படிக் கழற்றுவது, ஷிம் எத்தனை போடுவது, பல்லும் பல்லும் எங்கே பட வேண்டும் என்பதெல்லாம் இதில் வராது. அதற்கு உங்கள் கையிலேயே போன் இருக்கிறது. அதில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சொட்டு கிரீஸ் படாமல், பத்து நிமிஷத்தில் மாற்றிக் காட்டுகிறார். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் செய்கிறார். அவருக்கு மச்சான் இல்லை, ராகு காலம் இல்லை, முகூர்த்த நாளும் இல்லை. எனக்கு மூன்றும் இருந்தன.

தொழிலுக்கு வெளியே இருப்பவர் யாராவது இந்த மலரைப் புரட்டினால், அவருக்காக இரண்டு வரி. வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன். அதைச் சுற்றுகிற சின்னது பினியன். சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டால் மிதிப்பது சுலபம், வண்டி சட்டென்று கிளம்பும். ஆனால் வேகமாகப் போக வேண்டுமென்றால் காலை வெறி பிடித்த மாதிரி சுற்ற வேண்டும். காரிலும் அதே கதைதான். இந்த ஜோடியை மாற்றினால் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். அதற்குப் பதிலாக எஞ்சின் கத்தும், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், உச்ச வேகம் குறையும்.

இன்னொன்றும் நடக்கும். பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து ஓடுகிறது. கிரவுனை மாற்றினால் முள் கூடுதலாகக் காட்டும். எண்பதில் போகிறவனுக்குத் தொண்ணூறு என்று சொல்லும். அதைச் சரி செய்ய வழி உண்டு. ஆனால் சரி செய்து கொடுங்கள் என்று என்னிடம் கேட்ட கஸ்டமர் ஒருவர்கூடக் கிடையாது.

கார்த்தி கடலூரில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கதைக்கு வருகிறேன். அவன் அப்பா முந்திரி வியாபாரி, நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். பண்ருட்டியில் கொள்முதல், லாரிகளும் உண்டு, வீடு சிதம்பரத்தில் கோயிலை ஒட்டி. லாரிகளெல்லாம் பல வருஷமாக என்னிடம்தான் வேலைக்கு வரும். பையன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். பாண்டிச்சேரியில் யாரோ வைத்திருந்த இரண்டு சீட் ஜப்பான் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். சிவப்பு வண்டி, தரையோடு தரையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் போகும் ஆட்டோவின் அடிப்பாகம் நன்றாகத் தெரியும்.

"அண்ணே, பிக்கப் பத்தல" என்றான்.

"எங்க ஓட்டப் போற தம்பி?"

"இங்கதாண்ணே. கடலூர், சிதம்பரம்."

"கடலூர்லேந்து சிதம்பரத்துக்குள்ள எத்தன ஸ்பீட் பிரேக்கர் இருக்குன்னு எண்ணியிருக்கியா? உன் வண்டிக்கு ஒண்ணொண்ணும் ஒரு மலை."

"அதுக்குத்தாண்ணே. ஒரு பிரேக்கருக்கும் அடுத்த பிரேக்கருக்கும் நடுவுல ஜிவ்வுன்னு போவணும்."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உச்ச வேகம் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அந்த வேகத்தில் போக இந்த மாவட்டத்தில் இடமே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டினால் புதுச்சத்திரம் வரைக்கும் ரோடு கொஞ்சம் காலியாகக் கிடக்கும், அங்கே வைத்துப் பார்க்கிறேன் என்றான். அவன் அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, என் லாரிக்கு கிரவுன் மாத்துறோம்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு, லோடு இழுக்கணும். இவன் இதுல என்னாத்த இழுக்கப் போறான், பலாப்பழமா? டிக்கில ஒரு பழம் வெச்சா மூட முடியாது."

அவர் கிண்டல் செய்துவிட்டுச் சம்மதித்தார். ஒரே பிள்ளை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வேலை முடிந்ததும் வண்டி நல்ல நேரத்தில் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பி, நேராகத் திருவந்திபுரம் போய்ப் பூஜை போட வேண்டும். நடராஜர் கோயில் வாசலிலேயே குடியிருந்தாலும், வண்டிக்கு மட்டும் திருவந்திபுரம் பெருமாள் என்று அவர் வீட்டம்மா வேண்டிக்கொண்டிருந்தார். பூஜை முடிந்து அப்படியே சிதம்பரம் போய்விடுவார்கள். பையன் ஓட்டுவான், பக்கத்து சீட்டில் அம்மா. மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால் அப்பா பின்னாலேயே ஜீப்பில் வருவார்.

இங்கே என் மச்சானை அறிமுகப்படுத்த வேண்டும். பாலு, என் மனைவியின் தம்பி, ஒர்க்‌ஷாப்பில் பங்காளி. ஸ்பேனர் பிடிப்பது நான், கஸ்டமரைப் பிடிப்பது அவன். அவன் எந்தக் கஸ்டமரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த நாளைச் சொல்லுவான். இந்தச் சிவப்பு வண்டி வந்த நாளிலிருந்து போர்டில் 'ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஒரு கார்தானடா வந்திருக்கிறது என்றேன். "போர்டு போட்டாத்தான மாமா ரெண்டாவது வரும்" என்றான்.

வேலையை நானே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பசை போட்டு, கூட்டை மூடி, போல்ட் முறுக்கி முடித்தேன். பசை இறுக ஒரு ராத்திரியாவது வேண்டும். பல்சக்கரங்கள் மூழ்கி ஓடும் எண்ணெயை அதற்கு முன்னால் ஊற்றினால் கசியும். காலையில் வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று டப்பாவை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டினேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேலை பாக்கி இருக்கிறது, யாரும் சாவியைத் தொடக் கூடாது. வேலை கற்றுக்கொள்ள வருகிறவன் முதல் நாள் கற்றுக்கொள்வது அதைத்தான். கஸ்டமர் பிடிக்கும் பங்காளிக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தினமும் கண்ணால் பார்ப்பவனுக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் வண்டி எடுப்பதாகப் பேச்சு. ஞாயிறு ராத்திரி அந்த வீட்டு ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் கிளம்புவதுதான் விசேஷம் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பாலுவுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவனும் "அதுக்கென்ன மொதலாளி, வாங்க" என்றிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. நான் தூங்குவேனாம், எழுப்ப மனசு வரவில்லையாம்.

நான் வழக்கம்போல ஏழு மணி வாக்கில் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தேன். கற்பூர வாசனை. தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடம் காலி. பாலு சந்தனம் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் துடைத்துக்கொண்டிருந்தது என் சிவப்புத் துணியில்.

"இது எங்க இருந்துது?" என்றேன்.

"ஸ்டியரிங்ல எவனோ அழுக்குத் துணிய கட்டி வெச்சிருந்தான் மாமா. சாமி காரியம், பாக்க நல்லாவா இருக்கு? அவுத்துட்டு மல்லிப்பூ கட்டிட்டேன். பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க."

எண்ணெய் டப்பா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மூடியின் சீல்கூட உடையவில்லை.

எண்ணெய் இல்லாமல் கிரவுன் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகப் போனால் சூடாகும். வேகமாகப் போனால் பல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் பின்சக்கரம் இரண்டும் சுற்றாமல் கட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் கட்டினால் வண்டி யார் பேச்சையும் கேட்காது. அந்தப் பையன் ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் காலை அழுத்தப் போகிறான். பக்கத்து சீட்டில் அவன் அம்மா.

பாலுவைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. வெளுத்தது அரை நிமிஷம்தான். உடனே கஸ்டமர் பிடிக்கும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"மாமா, சத்தம் போடாதீங்க. அவருகிட்ட சொல்லிடாதீங்க. அவரு லாரிக்காரரு, கேட்டவுடனே புரிஞ்சிக்குவாரு. அத்தன லாரியும் போயிடும். நான் இப்ப பஸ் புடிச்சி சிதம்பரம் போயிடறேன். அவுங்க வந்து சேந்ததும், ஃப்ரீ செக்கப்புன்னு சொல்லி எண்ணெய ஊத்திட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த யோசனையில் ஒரு கவர்ச்சி இருந்தது. அவன் சொன்ன மாதிரி நடக்கவும் வாய்ப்பு உண்டு. கிரவுன் ஒருவேளை சிதம்பரம் வரை தாங்கியிருக்கலாம். பல்லில் கீறல் விழுந்திருக்கும், ஆறு மாசம் கழித்து ஊளையிடும், அதற்கு வேறு யாரையாவது காரணம் காட்டியிருக்கலாம். நம் தொழிலில் பாதிப் பேர் பிழைப்பு அந்த 'ஒருவேளை'யில்தான் ஓடுகிறது. நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்குப் பயம். அந்த அம்மா பட்டுப்புடவையோடு அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது, அவ்வளவுதான். நேராக முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, வண்டில கிரவுன் எண்ணெ ஊத்தல. ஊத்தறதுக்கு முன்னாடி கிளம்பிடுச்சி. நிறுத்தணும்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சம்கூட இல்லியா?"

"சுத்தமா இல்ல."

மகனுக்குப் போன் போட்டார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டார், கிடைக்கவில்லை. அவர் மனைவியின் போன் ஜீப்பில் இருந்த கைப்பைக்குள் மணியடித்தது. அவர் ஜீப்பை நோக்கி ஓடினார்.

"ஜீப்பு வேணாம் மொதலாளி. இன்னிக்கு முகூர்த்தம். திருவந்திபுரம் ரோடு பூரா கல்யாண வேனா நிக்கும். மொபெட்தான் பூந்து போவும்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், முகூர்த்த நாளில் அந்தக் கோயிலில் வரிசையாகத் தாலி கட்டுவார்கள். நான் மொபெட்டை உதைத்தேன். மாவட்டத்திலேயே பெரிய முந்திரி வியாபாரிகளில் ஒருவர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஒரு கை என் தோளில் இருந்தது. இன்னொரு கை டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தது.

பாதிரிப்புலியூர் தாண்டியதுமே வேன்கள் ஆரம்பித்துவிட்டன. வாழைக்கன்று கட்டிய வேன், மேளக்காரர்கள் வேன், மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த வேன். ஒவ்வொரு வீட்டு ஜோசியரும் ஏழரைக்கு முன்னால் என்றுதான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நல்ல நேரத்தில் ஊரே ஒரே ரோட்டில் நின்றது. வேன்களுக்கும் ஓரத்துப் பள்ளத்துக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் மொபெட் போனது. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு வண்டி கண்ணில் பட்டது. முன்னால் ஒரு கல்யாண வேன், பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. பிக்கப்புக்காகப் பல்லெல்லாம் மாற்றிய வண்டியை, இரண்டு கிழவர்களைச் சுமந்த மொபெட் பிடித்துவிட்டது.

கார்த்தி நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். எதிரே கண்ணாடியில் போனை ஒட்டவைத்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் போன் கால் வந்தால் ரீல்ஸ் கட் ஆகிவிடும் என்று போனை ஏரோப்ளேன் மோடில் போட்டிருக்கிறான். அவன் அம்மா முழங்காலை மார்பு உயரத்துக்கு வைத்துக்கொண்டு, தரையில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தேன்.

"அண்ணே, என்னாண்ணே?"

"எறங்கு. அம்மாவையும் எறங்கச் சொல்லு."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொத மொதல்ல கிளம்பின வண்டிய நடுவுல நிறுத்துவாங்களா? கோயில் தோ தெரியுது. ராவு காலம் வரதுக்குள்ள போயிடலாம், வுடுப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி குறுக்கே வந்தார். "பின் டயரு பஞ்சரு. எறங்கு."

அந்த அம்மா இறங்கி, சுற்றிவந்து டயரைப் பார்த்தார். "காத்து இருக்குதே?"

"உள்ளுக்குள்ள பஞ்சரு" என்றார் முதலாளி. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பின்னால் போய்க் குனிந்து கூட்டில் கையை வைத்தேன். வைக்க முடியவில்லை, சுட்டது. கார்த்தி பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். அவன் அப்பா அவன் காதில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். "அதான் எண்ணெ கொண்டாந்துட்டீங்களே அண்ணே. இங்கியே ஊத்திட்டுப் போலாம். அம்மா மனசு கஷ்டப்படுவாங்க." முதலாளியும் டப்பாவை நீட்டினார். "ஊத்திடு மேஸ்திரி. மெதுவா ஓட்டிக்கிட்டுப் போவட்டும்."

சுற்றி நின்றவர்களும் சாமி காரியம், நிறுத்தாதே என்றார்கள். ஊற்றியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக்கூடக் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் சூடேறிய பல்லில் எண்ணெயை ஊற்றினால் நடந்தது மறையுமே தவிர, நடந்தது நடக்காததாக ஆகாது. உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் இந்த வண்டி ஓர் அடி நகராது என்றேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

வேனில் வந்த கல்யாண வீட்டு ஆட்கள் நாலு பேர் பட்டு வேட்டியோடு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். டிரைவர் ஜீப்பைக் கொண்டுவந்து அம்மாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது.

வண்டியைக் கேரியர் லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து, அன்றே கூட்டைத் திறந்தேன். முதலாளி பக்கத்தில் நின்றார். பினியன் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. புதுப் பல்லின் மேல் வரிவரியாகக் கீறல். அதுவரை போனது மொத்தமே ஒரு சின்னத் தூரம், அதுவும் ஊர்ந்து ஊர்ந்து. எண்ணெயை ஊற்றி அனுப்பியிருந்தாலும் அந்தப் பேரிங் புதுச்சத்திரத்தைப் பார்த்திருக்காது. பாலு எட்டிப் பார்த்துவிட்டு, "பெருமாள்தான் காப்பாத்தினாரு மாமா, பூஜ வீண் போவல" என்றான். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதில் ஆண்டு மலருக்கு ஆகாது.

முதலாளி நீலம் பாய்ந்த அந்தப் பேரிங்கை விரலால் தடவிப் பார்த்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஓடிப்போய்ச் சொன்னவனாயிற்றே.

"மேஸ்திரி, நீ மறைக்கல. அது சரி. ஆனா என் பொண்டாட்டிய எண்ணெ இல்லாத வண்டியில ஏத்தினது உன் பட்டறை. இனிமே என் லாரி இங்க வராது. அவகிட்ட இத சொல்லிடாத, அப்புறம் அந்த வண்டியில ஏற மாட்டா."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. லாரிகள் எல்லாம் போயின. புதுச் செட் போட்டு, எண்ணெய் ஊற்றி, நானே ஓட்டிப் பார்த்து, சிவப்பு வண்டியையும் அனுப்பி வைத்தேன். 'ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பெஷலிஸ்ட்' போர்டைப் பாலு பிறகு எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் மாலை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள் தம்பிகளா. மாலை போட மாட்டார்கள். கஸ்டமர் போனாலும் போவான் என்று தெரிந்தே சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பை விட்டு நான் ஓய்வு பெற்ற பிறகு, போன தீபாவளிக்கு முன்னால் கடலூரில் ஒரு துணிக்கடை வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பாலுவும் என்னோடு இருந்தான். கையில் இரண்டு பையோடு வந்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"டயருல காத்துகூடப் பாக்காம வண்டிய குடுத்த ஆளு நீதான? மொதப் பயணத்த நடுரோட்டுல நிறுத்தினியே, அந்த தோஷம் என் மவன் கல்யாணத்த எத்தன வருஷம் தள்ளிப் போட்டுச்சி தெரியுமா உனக்கு? ஒரு பஞ்சரு பாக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பாலு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "என்னா மாமா இது, ஊரு பாக்குது. உண்மைய சொல்லிட வேண்டியதுதான?"

"சொல்ல வேண்டியவருகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்டா" என்றேன்.

அந்த அம்மா நாலடி போனார். ஏதோ நினைவு வந்தவர் மாதிரி திரும்பி வந்து, பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போனதையும் சேர்த்துத் திட்டினார். நல்ல தெம்பான குரல். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.